அமெரிக்க சிட்டி பஸ்ல மொழி உதவி: ரெண்டு பக்கமும் பண்ற தப்புகள்

எங்க அம்மா இங்க வந்த நாலாவது மாசம், லைப்ரரிக்கு நானே பஸ்ல போய்க்கறேன்னு கிளம்பிப்போய் ஸ்டாப்புல முக்கால் மணி நேரம் நின்னாங்க. பஸ் வரவே இல்ல. ரோடு வேலைக்காக அந்த ஸ்டாப்பை மூடிட்டு கம்பத்துல ஒரு மஞ்சள் பேப்பர் ஒட்டியிருந்தாங்க, 'ஸ்டாப் குளோஸ்டு'ன்னு இங்கிலீஷ்ல மட்டும். அம்மா எழுத்துக்கூட்டி ஸ்டாப்புங்கற வரைக்கும் படிச்சிருக்காங்க, சரி நாம நிக்கற இடம் கரெக்ட்டுதான்னு நிம்மதியா நின்னுட்டாங்க. நானும் அன்னிக்கு 'யாரையாவது கேட்டிருக்கலாம்ல'ன்னு அவங்களைத்தான் திட்டினேன்.

அதுதான் முதல் தப்பு, என் தப்பு. மொழி உதவிங்கறது பஸ் கம்பெனி நமக்குப் பண்ற சலுகைன்னு நெனச்சுட்டிருக்கோம். 1964 சிவில் ரைட்ஸ் சட்டத்துல டைட்டில் சிக்ஸ்னு ஒரு பகுதி இருக்கு, ஃபெடரல், அதாவது மத்திய அரசு பணம் வாங்கற யாரும் இனம், நிறம், பூர்விக நாடு பார்த்து பாகுபாடு காட்டக்கூடாதுன்னு சொல்லுது. மொழிங்கற வார்த்தையே அதுல கிடையாது. ஆனா சான் பிரான்சிஸ்கோ ஸ்கூல்ல இங்கிலீஷ் புரியாத சீனப் பிள்ளைங்களை அப்படியே உட்கார வெச்சிருந்தது சட்டவிரோதம்னு 1974ல லாவ் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அதுலேர்ந்துதான் மொழியும் பூர்விக நாடுங்கறதுக்குள்ள வந்துச்சு. சிட்டி பஸ் நடத்தறவங்க பெரும்பாலும் ஃபெடரல் பணம் வாங்கறவங்கதான், அதனால இது அவங்களுக்கும் பொருந்தும்.

'அதான் 2025ல எல்லாத்தையும் எடுத்துட்டாங்களே'ன்னு சிலர் சொல்றாங்க. எடுத்தது, இங்கிலீஷ் சரியா வராதவங்களுக்கு மொழி உதவி கிடைக்கணும்னு 2000ல பிரசிடென்ட் கிளின்டன் போட்ட 13166ங்கற ஆர்டரை, 2025 மார்ச்ல. சட்டம் காங்கிரஸ் போட்டது, அது அங்கேயேதான் இருக்கு. மொழி உதவியை நிறுத்தியே ஆகணும்னு அதை எடுத்த புது ஆர்டர்லயும் சொல்லல.

பஸ் கம்பெனிங்க பண்றதுல எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற தப்பு, ஆளுங்களை எண்ணறது. எந்த மொழில நோட்டீஸ் போடணும்னு முடிவு பண்ண எஃப்டிஏ, அதாவது பஸ் கம்பெனிங்களுக்கு ஃபெடரல் பணம் கொடுக்கற அரசு அமைப்பு, 2012ல விட்ட சர்க்குலர்ல ஒரு கணக்கு இருந்துச்சு: சர்வீஸ் ஏரியால இங்கிலீஷ் சரியா வராதவங்க ஒரு மொழில 5 சதவீதமோ 1,000 பேரோ, எது கம்மியோ அந்த அளவு இருந்தா முக்கியமான பேப்பரை எல்லாம் அந்த மொழில போட்டுட்டா கம்பெனி சேஃப். இதுக்கு சென்சஸ் டேபிளை எடுப்பாங்க, அதுல சுருக்கமான டேபிளை எடுத்தா தமிழே இருக்காது, 'மற்ற ஆசிய, பசிபிக் தீவு மொழிகள்'னு ஒரு மூட்டைக்குள்ள தெலுங்கு, மலையாளத்தோட சேர்ந்து கிடக்கும். விரிவான டேபிள்ல 2016லேர்ந்து தமிழுக்கு தனி வரி இருக்கு, அதை பார்க்கறதுக்கு சோம்பேறித்தனம். இந்தியர்னா ஹிந்தில போட்டா போதும்னு நெனக்கறதும் இதே ரகம்தான்.

ஆனா நாமளும் யோக்கியம் இல்ல. அந்த டேபிளுக்காக சென்சஸ்காரங்க எடுக்கற சர்வே ஃபார்ம்ல 'இங்கிலீஷ் எவ்வளவு நல்லா பேசுவார்'னு கேள்வி வரும், மிக நன்றாக, நன்றாக, அவ்வளவாக இல்லை, சுத்தமாக இல்லைன்னு நாலு பதில். மிக நன்றாகன்னு டிக் பண்ணினவங்களைத் தவிர மத்த எல்லாரும் உதவி தேவைப்படறவங்க கணக்குல வருவாங்க. அப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், அவரைப் போய் குறைச்சு போடறதான்னு கௌரவத்துக்கு 'மிக நன்றாக'ன்னு போட்டுடறோம், ஆனா டிரைவர் பேசற வேகத்துக்கு அவருக்கு ஒரு வார்த்தை புரியாது. கணக்குலேர்ந்து அவரை தூக்கினது நாமதான்.

அடுத்தது மெஷின் மொழிபெயர்ப்பு. ஒரு பஸ் கம்பெனி சைட்ல தமிழ் பட்டனை அமுக்கிப் பார்த்தேன், டே பாஸுக்கு 'நாள் தேர்ச்சி'ன்னு வந்துச்சு, பஸ் மாறி ஏறறதுக்கு 'பணியிட மாற்றம்'. படிச்சா ஏதோ டிபார்ட்மென்ட் எக்ஸாம் எழுதப்போற மாதிரி இருக்கு. மொழி தெரிஞ்ச ஒருத்தர் பத்து நிமிஷம் பார்த்தாலே மாட்டற தப்பு இது.

பல இடத்துல ஃபோன்ல இன்டர்ப்ரெட்டர் கூப்பிட கான்ட்ராக்ட் இருக்கும், கவுன்ட்டர்ல உட்கார்ந்திருக்கறவருக்கு அது தெரியாது. போதாக்குறைக்கு மொழியைத் தேர்ந்தெடுங்கன்னு சொல்ற மெனுவே இங்கிலீஷ்ல ஓடும். பெரியவங்களுக்கு 'டமில், இன்டர்ப்ரெட்டர்'னு ரெண்டு வார்த்தை சொல்லிக் கொடுத்துடுங்க, இல்ல சீட்டுல எழுதி பர்ஸ்ல வெச்சு விடுங்க. பத்து வயசு பையனை இழுத்துட்டுப் போய் பேச வைக்காதீங்க. லைப்ரரிக்கு வழி கேட்கறதுக்கு பரவால்ல, பாட்டியோட புகாரை அவன் சொன்னா பாதியை முழுங்கிடுவான்.

டிக்கெட் விலை ஏத்தும்போது 'எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே ஏத்தறோம், இதுல என்ன பாகுபாடு'ன்னு சொல்றதும் தப்பு. ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ஜனத்தொகை இருக்கற ஏரியால பீக் நேரத்துல 50 வண்டியோ அதுக்கு மேலயோ ஓட்டற கம்பெனி, விலையோ ரூட்டோ பெருசா மாத்தறதுக்கு முன்னாடியே அது யாரை அடிக்குதுன்னு கணக்கு பார்க்கணும்னு அந்த 2012 சர்க்குலர் சொல்லுச்சு. இந்த மாதிரி கணக்கை ஒழுங்கா பார்க்காததால ஓக்லாந்து ஏர்போர்ட் கனெக்டருக்கு ஒதுக்கின 7 கோடி டாலர் ஃபெடரல் பணம் 2010ல பார்ட்ங்கற சான் பிரான்சிஸ்கோ பக்கத்து ரயில் கம்பெனி கையைவிட்டுப் போச்சு.

கடைசியா புகார். கோர்ட்டுக்குப் போய்க்கலாம்னு சும்மா உட்கார்ந்திருக்காதீங்க, வேணும்னே பண்ணாம விளைவுல மட்டும் தெரியற பாகுபாட்டுக்கு தனி ஆள் கேஸ் போட முடியாதுன்னு 2001ல சாண்டோவல் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. எஃப்டிஏவுக்கு புகார் எழுதறதுதான் வழி, சம்பவம் நடந்து 180 நாளுக்குள்ள. ஸ்டாப் பேரு, ரூட் நம்பர், நேரம், ஒட்டியிருந்த பேப்பரோட ஃபோட்டோ எல்லாம் அன்னிக்கே எடுத்து வெச்சுக்கணும். அந்த மஞ்சள் பேப்பரை நான் ஃபோட்டோ எடுக்கல, அடுத்த வாரம் போனப்போ அதை கிழிச்சுட்டாங்க.