காம்பியாவின் வரலாற்றை வரைபடத்திலிருந்து படிப்பது எப்படி?

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், செனகல் நாட்டுக்குள் ஒரு விரல் நுழைந்ததுபோல் கிடக்கும் ஒல்லியான நாடு காம்பியா. அட்லாண்டிக் கடலைத் தொடும் சிறிய கரையைத் தவிர, மற்ற மூன்று பக்கங்களிலும் அதன் அண்டை நாடு செனகல் ஒன்றுதான். இந்த நாட்டைப் பற்றிப் படிக்கத் தொடங்குவோர் பெரும்பாலும் தலைநகர், நாணயம், விடுதலை ஆண்டு ஆகியவற்றை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடுகிறார்கள். நாட்டுக்கு ஏன் இப்படியொரு வடிவம் வந்தது என்ற கேள்வி அப்படியே நின்றுவிடுகிறது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் நானூறு ஆண்டு வரலாறு தானாகவே பின்னால் வரும் என்பது என் அனுபவம். ஆற்றிலிருந்து தொடங்கி, செனகலின் வரலாற்றையும் அதே தாளில் எழுதிக்கொண்டு படிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

தேவையானவை மிகக் குறைவு. காம்பியாவின் நீளம் குறைந்தது ஒரு சாண் அளவுக்குத் தெரியும் வரைபடம், டிரேசிங் தாள் இரண்டு, ஒரு நூல், அளவுகோல், இரண்டு நிறப் பென்சில்கள் ஆகியவை போதும்.

முதல் டிரேசிங் தாளில் எல்லைக்கோடு எதையும் வரையாதீர்கள். ஆற்றை மட்டும் வரையுங்கள். காம்பியா ஆறு கினி நாட்டின் ஃபூட்டா ஜாலோன் மேட்டுநிலத்தில் பிறந்து, செனகல் வழியாக வந்து, காம்பியாவை மேற்காகக் கடந்து, ஏறத்தாழ 1,120 கிலோமீட்டர் ஓடிப் பாஞ்சுல் நகரத்தருகே கடலில் கலக்கிறது. ஆக, நாட்டுக்கே பெயர் தந்த ஆறு அந்த நாட்டுக்குள் பிறக்கவில்லை. இப்போது நூலை நாட்டின் கிழக்கு முனையிலிருந்து ஆற்றின் வளைவுகள்மீது பொறுமையாக ஒட்டி வைத்துக் கடல்வரை கொண்டுவாருங்கள். பிறகு அதை நீட்டிப் பிடித்து, நாட்டின் நேர்நீளமான சுமார் 320 கிலோமீட்டருடன் ஒப்பிடுங்கள். நூல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீளமாக இருக்கும். அந்த அளவுக்கு ஆறு வளைந்து நெளிவதற்குக் காரணம் நிலத்தின் தட்டைத்தன்மை. நாட்டின் மிக உயரமான இடம்கூடக் கடல்மட்டத்திலிருந்து 50 மீட்டரை ஒட்டியே இருக்கிறது.

இந்தத் தட்டைத்தன்மையைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் அரசியல் முழுவதும் இதன்மீதுதான் எழுந்திருக்கிறது. கடலின் ஏற்றவற்றம் ஆற்றில் கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர் உள்ளே உணரப்படுகிறது. மழை நின்று மேலிருந்து வரும் நீர் குறையும் மாதங்களில் உப்புநீர் 200 கிலோமீட்டருக்கும் மேல் உள்நாட்டுக்குள் ஏறுகிறது. மழைக்காலத்தில் மீண்டும் கடலை நோக்கித் தள்ளப்படுகிறது. கீழ்ப்பகுதியின் கரைகளில் அலையாத்திக் காடுகள் நிற்பதும், ஆற்றோரத் தாழ்நிலங்களில் பெண்கள் நெல் பயிரிடும்போது உப்பு எப்போது வரும், எப்போது போகும் என்று கணக்கிட வேண்டியிருப்பதும் இதனால்தான். வணிகர்களுக்கோ இதே தன்மை வேறொன்றைத் தந்தது. கடற்கப்பல் நேராக உள்நாட்டுக்குள் போகக்கூடிய ஆறுகள் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் மிகச் சில. அவற்றில் சிறந்த ஒன்று இது. டிரேசிங் தாளில் ஏற்றவற்றம் எட்டும் இடம்வரை ஒரு நிறத்தால் ஆற்றைத் தடிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, இரண்டாவது தாளில் எல்லைக்கோட்டை மட்டும் வரைந்து முதல் தாளின்மேல் வையுங்கள். மேற்கே கடலை ஒட்டிய பகுதியில் எல்லை நேர்கோடுகளாகப் போகிறது. கிழக்கே போகப்போக ஆறு வளையும் இடத்திலெல்லாம் எல்லையும் கூடவே வளைகிறது. கிழக்கு முனை வட்டத்தின் ஒரு துண்டுபோல் உருண்டு முடிகிறது. அளவுகோலை எடுத்து ஆற்றிலிருந்து எல்லைவரை அளந்து பாருங்கள். கிழக்குப் பகுதியில் எங்கே அளந்தாலும் விடை 10 கிலோமீட்டரை ஒட்டியே வரும். 1889 ஆகஸ்ட் 10 அன்று பாரிஸில் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாடு, கீழ்ப்பகுதிக்கு நேர்கோடுகளையும், அதற்கு மேலே யார்புதெண்டா என்ற இடம்வரை ஆற்றின் இரு கரைகளிலும் 10 கிலோமீட்டர் அகலத்தையும் பிரிட்டனுக்கென வகுத்தது. கிழக்கு முனையின் உருண்டை வடிவம் அந்த இடத்தைச் சுற்றி இழுத்த 10 கிலோமீட்டர் ஆரம். ஓர் உடன்பாட்டின் சொற்களை நம் கையிலிருக்கும் அளவுகோலால் சரிபார்க்க முடிகிற நாடுகள் உலகில் அதிகம் இல்லை. அதனால்தான் இந்தப் பயிற்சிக்குக் காம்பியாவை நான் முதலில் பரிந்துரைக்கிறேன்.

ஆற்றில் நின்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலின் பீரங்கிக்குண்டு விழுந்த தூரம்தான் எல்லையாயிற்று என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. உடன்பாட்டின் வாசகத்தில் கிலோமீட்டர் கணக்குதான் உள்ளது. கதையைக் கதை என்று குறித்து ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி ஒரு தாளில் இரண்டு பத்திகள் போட்டு, இடப்பக்கம் காம்பியா, வலப்பக்கம் செனகலும் மற்ற அண்டைப் பகுதிகளும் என்று ஆண்டுகளை எழுத வேண்டும். ஒரே பத்தியில் எழுதினால் காம்பியாவின் வரலாறு தொடர்பற்ற நிகழ்ச்சிகளின் வரிசையாகத் தோன்றும். 1651இல் இன்றைய லாட்வியாவைச் சேர்ந்த கூர்லாந்துச் சிற்றரசு ஆற்றின் நடுவே ஒரு சிறு தீவில் கோட்டை கட்டியது. 1661இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றி ஜேம்ஸ் தீவு என்று பெயரிட்டனர். அங்கிருந்து அடிமைகளாக ஏற்றிச் செல்லப்பட்ட மனிதர்களின் நினைவாக அத்தீவு 2003இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது; 2011இல் அதன் பெயர் குண்டா கிந்தே தீவு என மாறியது. வலப்பக்கத்தில் எழுத வேண்டியது, அந்தத் தீவுக்கு நேர் எதிரே வடகரையில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த அல்பிரெடா வணிக நிலையம். ஒரே ஆற்றின் குறுக்கே இரு வல்லரசுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

தமிழ் வாசகர்கள் 1783ஆம் ஆண்டை இரண்டு பத்திகளுக்கும் நடுவே பெரிதாக எழுதலாம். அந்த ஆண்டு வெர்சாய் உடன்பாடு காம்பியா ஆற்றைப் பிரிட்டனுக்கும் செனகலைப் பிரான்சுக்கும் உறுதிசெய்தது. அதே உடன்பாட்டில்தான் புதுச்சேரியும் காரைக்காலும் பிரான்சுக்குத் திரும்பின. தொடர்பு அதோடு முடியவில்லை. புதுச்சேரியில் நெய்து நீலம் தோய்த்த ‘கினே’ துணி கப்பலேறி, செனகல் ஆற்றங்கரையில் கருவேலம் பிசின் வாங்குவதற்குப் பணம்போலவே பயன்பட்டது. நம் சாயத்தொட்டிகளிலிருந்து போன துணி அங்கே விலை பேசும் அளவுகோலாக இருந்தது என்பதை நினைக்கும்போது, தொலைவிலிருக்கும் ஓர் ஊரின் வரலாறு சட்டென்று அருகே வந்துவிடுகிறது.

பிறகு ஆண்டுகள் நெருக்கமாக வரும். 1807இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது. அதை ஆற்றுவாயில் கண்காணிக்க 1816இல் பாத்தர்ஸ்ட் நகரம் நிறுவப்பட்டது. 1830களிலிருந்து நிலக்கடலை ஏற்றுமதி வளர்ந்தது; அதில் பெரும்பங்கை வாங்கியவர்கள் பிரெஞ்சு வணிகர்கள். 1857இல் பிரான்ஸ் அல்பிரெடாவை விட்டுக்கொடுத்தது. 1870களில் காம்பியாவைப் பிரான்சிடம் கொடுத்து வேறு இடங்களைப் பெறும் பேச்சு நடந்து, நிறைவேறாமல் போயிற்று. 1886இல் காம்பியாவுக்குத் தெற்கே, இன்று செனகலின் தென்பகுதியாக உள்ள கசமான்ஸைப் பிரான்சுக்கு விட்டுப் போர்ச்சுகல் இன்றைய கினி-பிசாவுக்குள் ஒதுங்கியது. இத்தனைக்கும் பிறகு வந்ததே 1889. 1870களின் அந்தப் பேச்சு கைகூடியிருந்தால் இந்த விரல் வடிவ நாடே இருந்திருக்காது.

எல்லைக்கோடு வந்த கதையை எழுதி முடித்ததும், கோட்டுக்கு முன்பே அங்கிருந்தவர்களை முதல் தாளில் குறியுங்கள். இந்த வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. காம்பியாவின் வாசு, கெர்பாச் ஆகிய இடங்களிலும் செனகலின் சீன் ங்காயேன், வனார் ஆகிய இடங்களிலும் செம்பூராங்கல்லைத் தூண்களாகச் செதுக்கி வட்டமாக நட்ட ஈமச் சின்னங்கள் உள்ளன. ஆற்றையொட்டி ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீளத்துக்கு இத்தகைய சின்னங்கள் ஆயிரத்துக்கும் மேல் பரவியிருக்கின்றன. 2006இல் இரு நாடுகளுக்கும் பொதுவாக இந்த நான்கு இடங்களும் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. கன்சாலாவைத் தலைநகராகக் கொண்ட காபு என்ற மாண்டிங்கா அரசு, 1860களில் ஃபுலா படைகளிடம் வீழும்வரை, இன்றைய கினி-பிசாவ், கசமான்ஸ், காம்பியா ஆகிய மூன்றிலும் செல்வாக்கோடு இருந்தது. மாண்டிங்கா, வோலோஃப், ஃபுலா, ஜோலா மொழிகள் இன்றும் எல்லையின் இருபுறமும் பேசப்படுகின்றன. ஒரே மொழி பேசும் பிள்ளைகள் ஒருபுறம் ஆங்கிலத்திலும் மறுபுறம் பிரெஞ்சிலும் பள்ளிப்பாடம் படிக்கிறார்கள்.

பெயர்களில் எச்சரிக்கை தேவை. பாத்தர்ஸ்ட் 1973இல் பாஞ்சுல் ஆயிற்று. பழைய நூல்களின் ஜார்ஜ்டவுன் இன்று ஜாஞ்சன்புரே. பிரெஞ்சுக் கினி இன்றைய கினி. போர்ச்சுகீசியக் கினி இன்றைய கினி-பிசாவ். பிரெஞ்சு சூடான் இன்றைய மாலி. ஒவ்வொரு ஊருக்கும் பழைய பெயரையும் சேர்த்து எழுதாவிட்டால், பழைய ஆவணங்களைப் படிக்கும்போது கட்டாயம் தடுமாற நேரும்.

விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் இரண்டு பத்திகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். செனகல் 1960இல் விடுதலை பெற்றது. காம்பியா 1965 பிப்ரவரி 18 அன்று. 1981இல் காம்பியாவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது அதை முறியடித்தது செனகல் படை. அதன் விளைவாக 1982 பிப்ரவரியில் செனகாம்பியா கூட்டமைப்பு தொடங்கி, 1989இல் கலைந்தது. 2017 ஜனவரியில், தேர்தலில் தோற்ற காம்பிய அதிபர் யாஹ்யா ஜாமே பதவி விலக மறுத்தபோது, வென்ற அடாமா பாரோ செனகல் தலைநகர் டக்காரிலுள்ள காம்பியத் தூதரகத்தில் பதவியேற்றார்.

இறுதியாகச் சாலையை வரையுங்கள். செனகலின் வடபகுதியிலிருந்து கசமான்ஸுக்குப் போக நேர்வழி காம்பியாவின் குறுக்கே செல்கிறது. அவ்வழியில் ஃபராஃபென்னி என்ற ஊரருகே ஆற்றைக் கடக்கும் படகுத்துறையில் லாரிகள் மணிக்கணக்காகவும் சில வேளைகளில் நாள்கணக்காகவும் காத்து நின்றன. அந்தத் தடையைத் தவிர்க்கப் பலர் கடல்வழியை நாடினர். 2002 செப்டம்பர் 26 அன்று, கசமான்ஸின் சிகின்ஷோர் நகரிலிருந்து டக்கார் நோக்கி அளவுக்கு மீறிப் பயணிகளை ஏற்றிச்சென்ற ‘லெ ஜோலா’ என்ற செனகல் கப்பல் காம்பியக் கரைக்கு அப்பால் கவிழ்ந்தது. 1,800க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த நாளை இரண்டு பத்திகளிலும் எழுத வேண்டும். ஃபராஃபென்னியில் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளப் பாலம் 2019 ஜனவரி 21 அன்றுதான் திறக்கப்பட்டது. இரண்டாவது நிறப் பென்சிலால் வடக்கிலிருந்து தெற்காக அந்தக் கோட்டை இழுத்துவிட்டு, தாளைத் திரும்பப் பாருங்கள். இடப்பக்கத்தில் ஏதாவது ஓர் ஆண்டுக்கு எதிரே வலப்பக்கம் வெறுமையாக இருந்தால், அடுத்து படிக்க வேண்டிய இடம் அதுவே.