ரஷ்ய வீட்டு விருந்தும் வோட்காவும்: புதிதாக வந்தவர்களுக்கு

ரஷ்யர் வீட்டு விருந்தில் வோட்கா வந்தால், ஊற்றுவதற்கு முன்பே உங்கள் முடிவைச் சொல்லிவிடுங்கள். குடிக்காதவர் ‘யா நி பியூ’ (நான் குடிப்பதில்லை) என்றால் போதும். கிரான்பெர்ரிப் பழத்தில் செய்யும் ‘மோர்ஸ்’ கேட்டு வாங்கி, வாழ்த்துச் சொல்லும்போது அந்தக் கிளாஸை உயர்த்துங்கள். முதல் சுற்றை வாங்கிக்கொண்டு இரண்டாவதை மறுப்பதுதான் கடினம், விடாமல் வற்புறுத்துவார்கள்.

குடிப்பவர்கள் சோடா, கோலா கலக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். நன்றாகக் குளிரவைத்த வோட்காவை 50 மில்லி ‘ரியும்கா’ என்ற சின்னக் கிளாஸில் ஊற்றுவார்கள். ஒருவர் வாழ்த்துச் சொன்னதும் எல்லோரும் சேர்ந்து ஒரே மடக்கு. உடனே ‘ஜகூஸ்கா’: கறுப்பு ரொட்டி, உப்புநீரில் புளிக்கவைத்த வெள்ளரிக்காய், புளித்த முட்டைக்கோஸ், காளான், உப்பிட்ட ஹெர்ரிங் மீன். இதை நம்மூர் சைடிஷ் மாதிரி நினைக்காதீர்கள், பாதிச் சாப்பாடே இதுதான். சைவர்கள் கவனிக்க: ‘சாலோ’ பன்றிக் கொழுப்பு, ‘ஹலத்யேத்ஸ்’ இறைச்சி வேகவைத்து உறையவிட்டது, ஒலிவியே சாலட்டிலும் பெரும்பாலும் இறைச்சி இருக்கும்.

தடுமாறுவது வேகத்தில்தான். 50 மில்லியில் சுமார் 16 கிராம் ஆல்கஹால். உடம்பு அதைக் கரைக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வேண்டும். வாழ்த்துகளோ அவ்வளவு நேரம் காத்திருக்காது. வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இடையிடையே தண்ணீர் குடியுங்கள், பாதி கிளாஸோடு நிறுத்துங்கள். வோட்காவுக்கு மேல் பியர் வேண்டாம்.

‘நா ஸ்தரோவ்யே’ என்பது வாழ்த்து அல்ல, யாராவது நன்றி சொன்னால் பதிலுக்குச் சொல்வது. வாழ்த்துக்கு ‘ஸா வ்ஸ்த்ரேச்சு’ (நம் சந்திப்புக்காக) சரி. இறந்தவர் நினைவாகக் குடிக்கும்போது கிளாஸை இடிக்கக் கூடாது. காலி பாட்டிலை மேசையில் வைக்க மாட்டார்கள், கீழே இறக்கிவிடுங்கள்.

மது வாங்குவதற்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். கடைகளில் இரவு 11 முதல் காலை 8 வரை விற்பனை கிடையாது, சில பிராந்தியங்களில் கெடுபிடி இன்னும் அதிகம். தெருவில் குடித்தால் 500 முதல் 1,500 ரூபிள் அபராதம். கலால் முத்திரை ஒட்டாத பாட்டிலைத் தொடவே வேண்டாம்: 2016 டிசம்பரில் இர்குத்ஸ்கில் மெத்தனால் கலந்த குளியல் திரவத்தைக் குடித்து 70க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

பனிக்காலத்தில் குடித்துவிட்டு நடந்து திரும்பாதீர்கள். தோலின் ரத்தக் குழாய்கள் விரிவதால் கதகதப்பாகத் தோன்றும். உண்மையில் உடற்சூடு வேகமாக வெளியேறுகிறது. டாக்ஸி பிடியுங்கள், கூட வந்தவரையும் தனியாக அனுப்பாதீர்கள்.