பயறிலும் அரிசியிலும் வண்டு விழாமல் வைப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

பாசிப்பயறு வாங்கி டப்பாவில் கொட்டி இறுக்கி மூடி வைக்கிறோம், ஒரு மாதம் கழித்துத் திறந்தால் பாதிப் பயறில் ஓட்டை, அடியில் தவிடு மாதிரி தூள், மேலே குட்டிக் குட்டியாக வண்டு. மூடி சரியாகத்தானே இருந்தது, எப்படி உள்ளே போனது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அது டப்பாவுக்குள் போகவே இல்லை, பயறோடு சேர்ந்து கடையிலிருந்தே வந்தது. வயலில் நெற்று முற்றும்போதே பயறு வண்டு அதன்மேல் முட்டையிடத் தொடங்கிவிடும், அப்புறம் களம், கிடங்கு, கடை என்று பயறு போகும் இடமெல்லாம் கூடவே வரும். அதனால் முட்டை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலையை ஆரம்பிக்க வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்த முட்டை வண்டாக வளர முடியாமல் செய்வதற்குத்தான்.

படி 1: ஒரு பிடி எடுத்துத் தட்டில் பரப்பிப் பாருங்கள்

வாங்கி வந்த அன்றே, வெளிச்சம் உள்ள இடத்தில். முழுப்பயறின் தோலில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அதுதான் முட்டை. தூசியாக இருந்தால் ஊதினால் போய்விடும், முட்டை நகத்தால் சுரண்டினாலும் சுலபத்தில் வராது. சில பயறில் தோல் மட்டும் மெல்லிய வட்டமாகக் கண்ணாடி போலத் தெரியும், உள்ளே புழு எல்லாவற்றையும் தின்று முடித்து வெளியே வரத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். நம்மூர் வெயிலில் முட்டையிலிருந்து வண்டாக மூன்று நான்கு வாரம் போதும், ஒரு பெண் வண்டு நூறு முட்டை வரைகூட இடும். ஒரு தலைமுறையிலேயே டப்பா உளுத்துப்போவது இதனால்தான்.

இந்த வண்டுக்கு முழுப்பயறுதான் வேண்டும், உடைத்த பருப்பில் அது சரியாக வளராது. ஆறு மாதத்துக்குச் சேர்த்து வாங்குகிறீர்கள் என்றால் பருப்பாக வாங்குங்கள், முழுப்பயறை அவ்வப்போது வாங்கிக்கொள்ளலாம்.

அரிசியில் கதை வேறு. மூக்கு நீண்ட அரிசி வண்டு அரிசியில் துளை போட்டு, முட்டையை உள்ளே வைத்து, வாயையும் அடைத்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. புடைத்தாலும் சலித்தாலும் ஓடுகிற வண்டுதான் போகும், முட்டை அப்படியே இருக்கும். அரிசி நூல் கட்டிக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் அது அந்துப்பூச்சியின் புழு.

படி 2: ஈரம் இருக்கிறதா?

இந்தப் படியைத் தாண்டிவிட்டுப் போகாதீர்கள். ஈரமான தானியத்தைக் காற்றுப்புகாமல் மூடினால் வண்டு சாகும், ஆனால் பூசணம் பிடித்துவிடும், அது வண்டைவிட மோசம். 1974இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்ச்மஹால் மாவட்டங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 100க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். காரணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு, கல்லீரலைத் தாக்குவது. சமைத்தாலும் அது முழுதாகப் போகாது. மக்கு வாடை அடிக்கிற, பச்சையோ கருப்போ படர்ந்த தானியத்தை, நிலக்கடலையை, கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று நினைக்கவே வேண்டாம், குப்பையில் போடுங்கள்.

ஈரத்தைப் பார்க்க மீட்டர் தேவையில்லை, உப்பு போதும். நன்றாக உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியம் போடுங்கள், வெயிலில் காயவைத்த தூள் உப்பு இரண்டு மூன்று மேசைக்கரண்டி சேருங்கள், மூடி ஒரு நிமிடம் குலுக்குங்கள், கால் மணி நேரம் விடுங்கள். கண்ணாடியில் உப்பு ஒட்டியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், இன்னும் காய வேண்டும். உப்பு ஒட்டாமல் கீழே விழுந்தால் ஓரளவு பரவாயில்லை. ஆனால் பயறை நீண்ட நாள் வைக்க 10 முதல் 12 சதவீதம் வரைதான் ஈரம் இருக்கலாம், அதனால் உப்பு ஒட்டாவிட்டாலும் பயறுக்கு இன்னொரு வெயில் கொடுப்பது நல்லது. கடித்துப் பாருங்கள், காய்ந்த பயறு பல்லில் நசுங்காது, 'டக்' என்று உடையும்.

படி 3: உள்ளே இருக்கும் முட்டையையும் புழுவையும் கொல்வது

சும்மா பாயில் பரப்பிக் காயவைத்தால் வண்டு ஓடிப்போகும், முட்டை போகாது. தட்டைப்பயறு வண்டை வைத்து ஆராய்ந்தவர்கள் 57 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் இருந்தால் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு எல்லாமே செத்துப்போகும் என்று கண்டார்கள். அந்தச் சூட்டை வெறும் வெயில் கொடுக்காது, இரண்டு பிளாஸ்டிக் தாள் இருந்தால் கிடைக்கும்.

மொட்டைமாடியில் முதலில் ஒரு சாக்கையோ பாயையோ விரியுங்கள், தரை சூட்டை இழுத்துக்கொள்ளாமல் இருக்க. அதன்மேல் கருப்புத் தாள். அதில் பயறை ஒரு அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். மேலே ஒளி ஊடுருவும் தாளைப் போர்த்தி, இரண்டு தாளின் ஓரத்தையும் சேர்த்து மடித்துச் சுற்றிலும் கல் வையுங்கள், காற்று போகக் கூடாது. மேகமில்லாத நாளில் பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை விட்டுவிடுங்கள். எடுத்ததும் பாட்டிலில் கொட்டாதீர்கள், நிழலில் முழுக்க ஆறட்டும், சூடாக அடைத்தால் உள்ளே வியர்த்துவிடும். ஆறிய அன்றே அடைத்துவிடுங்கள், ஏனென்றால் இந்தச் சூடு இருந்ததைக் கொல்லுமே தவிர, நாளை வருகிற வண்டைத் தடுக்காது.

அரிசிக்கு இதைச் செய்ய வேண்டாம், கடும் வெயிலில் அரிசி விரிசல் விடும், சோறு உடைந்து குழையும். மாடி இல்லாதவர்களுக்கும் அரிசிக்கும் ஃப்ரீசர். அரைக்கிலோ பொட்டலமாக இறுக்கிக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம். பெரிய மூட்டையாக வைத்தால் நடுவில் குளிர் போய்ச் சேரவே நாளாகும். வெளியே எடுத்தால் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே அறைச்சூட்டுக்கு வரவிடுங்கள், உடனே பிரித்தால் காற்றிலுள்ள ஈரம் தானியத்தின் மேல் பனியாக இறங்கி, படி 2இல் பட்ட பாடெல்லாம் வீண்.

படி 4: காற்றை அடைப்பது

எனக்கு மிகவும் பிடித்த படி இது. 1987இல் வடக்குக் கேமரூனில், தட்டைப்பயறை வண்டுக்குப் பறிகொடுத்துக்கொண்டிருந்த விவசாயிகளுக்காக அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்து லாரி மர்டாக்கும் அங்கிருந்த ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கினார்கள். அதிலிருந்து வந்ததுதான் மூன்றடுக்குப் பை: உள்ளே இரண்டு கனமான பாலித்தீன் பை, வெளியே சாதாரணச் சாக்கு. மருந்தே கிடையாது. உள்ளே இருக்கும் பூச்சிகளே மூச்சுவிட்டு ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், அப்புறம் தின்பதை நிறுத்தும், சாகும்.

ஏன் சாகிறது என்பதை மர்டாக் குழு 2012இல் விளக்கியது. மூச்சுத் திணறி என்றுதான் நாம் நினைப்போம். காய்ந்த பயறுக்குள் இருக்கும் புழுவுக்குக் குடிக்கத் தண்ணீர் ஏது? தின்ற சத்தை ஆக்சிஜனோடு எரித்துத்தான் தனக்கு வேண்டிய தண்ணீரில் பெரும்பகுதியை உடம்புக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்கிறது. ஆக்சிஜன் போனால் அந்தத் தண்ணீரும் போகும், புழு வறண்டு சாகிறது. பயறு எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு நமக்கு நல்லது என்பது இதனால்தான்.

வீட்டில் இதற்குப் பழைய ஜூஸ் பாட்டில், தண்ணீர் பாட்டில் போதும். கழுவி இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். காலி பாட்டிலை மூடி, வாளித் தண்ணீரில் அமுக்கி நசுக்கிப் பாருங்கள், மூடியருகே குமிழி வந்தால் அந்தப் பாட்டில் வேண்டாம். நல்ல பாட்டிலில் பயறைக் கொட்டி, தரையில் தட்டித் தட்டிக் கழுத்து வரை நிரப்புங்கள், மேலே இடம் விட்டால் அவ்வளவும் வண்டுக்குக் காற்று. 2 லிட்டர் பாட்டில் சுமார் ஒன்றரைக் கிலோ பிடிக்கும். தேதி எழுதி ஒட்டி, இரண்டு மாதத்துக்குத் திறக்காமல் விடுங்கள். எவர்சில்வர் டப்பா பார்க்க இறுக்கமாக இருக்கும், ஆனால் மூடி வழியே காற்று போய்க்கொண்டேதான் இருக்கும், அதை அன்றாடப் புழக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திறந்து திறந்து மூடுகிற ஒரு பெரிய டிரம்மைவிட, ஒவ்வொன்றாகத் திறக்கிற பத்துப் பாட்டில் எவ்வளவோ மேல்.

படி 5: எண்ணெய், வேப்பிலை, வசம்பு

பயறில் விளக்கெண்ணெய் தடவி வைப்பது நம் வீடுகளில் பழக்கம்தான். நைஜீரியாவின் இபாதான் நகரில் நடந்து 1978இல் வெளிவந்த ஆராய்ச்சியில் கிலோவுக்கு 5 மில்லி கடலை எண்ணெய் தடவியே தட்டைப்பயறைக் காப்பாற்றினார்கள். முட்டைக்குக் காற்று போகாமல் எண்ணெய் அடைத்துவிடுகிறது. கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி, ஒவ்வொரு பயறிலும் படுகிற மாதிரி கையால் பிசறுங்கள், அவ்வளவுதான். நாளானால் எண்ணெய்ச் சிக்கு வாடை வரும், அதனால் சில மாதத்துக்குள் தீர்க்கிற பயறுக்கு மட்டும்.

வேப்பிலையும் வசம்பும் வண்டை விரட்ட உதவும், உள்ளே இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. வேப்பிலை போடுவதென்றால் நிழலில் நொறுங்கக் காய்ந்ததைப் போடுங்கள், பச்சை இலை போட்டால் நாமே ஈரத்தை உள்ளே வைத்த மாதிரி.

அரிசி மூட்டைக்குள் மாத்திரை போடும் வழக்கத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தயவுசெய்து வீட்டில் வேண்டாம். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாக வெளியேறும், மனிதரையும் கொல்லும், அதே வீட்டில் தூங்குகிற குழந்தையையும் சேர்த்து. போரிக் பவுடரும் நஞ்சுதான், கழுவினால் போய்விடும் என்று நம்பிக் கலக்காதீர்கள்.

படி 6: இடையிடையே பார்ப்பது

மூட்டை அரிசி வைத்திருப்பவர்களுக்குக் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய குழாய்ப் பொறி ஒன்று இருக்கிறது. 2 மில்லிமீட்டர் துளைகள் போட்ட குழாய், அடியில் கூம்பு. அரிசிக்குள் செங்குத்தாகச் செருகி வைத்தால், காற்றைத் தேடி அலைகிற வண்டு துளை வழியே குழாய்க்குள் வந்து அடியில் விழும், ஏற முடியாது. வாரம் ஒருமுறை உருவிப் பாருங்கள். ஒன்றிரண்டு விழ ஆரம்பித்ததுமே அரிசியைப் பிரித்து ஃப்ரீசருக்கோ பாட்டிலுக்கோ மாற்றிவிட்டால் மூட்டை தப்பிக்கும்.

புழங்குகிற டப்பாவில் பழையதன் மேல் புதியதைக் கொட்டாதீர்கள். பழையது தீர்ந்ததும் மூலையில் ஒட்டியிருக்கும் தூளைத் துணியால் வழித்தெடுத்து, கழுவி, ஒரு பகல் வெயிலில் வைத்துவிட்டுத்தான் அடுத்த பாட்டிலைத் திறக்க வேண்டும்.