ரைஃபிளுக்கு ட்ரைபாட்: எங்கே காசைப் போடுவது, எங்கே மிச்சம் பிடிப்பது

டெக்சாஸில் காட்டுப்பன்றி சுடப் போனவர்களுக்குத் தெரியும், ரைஃபிளின் முன்பக்கம் மாட்டுகிற இரட்டைக் காலான பைபாடை விரித்துக் குப்புறப் படுத்தால் ஸ்கோப்பில் பன்றி தெரியாது, புல்தான் தெரியும். முழங்கால் உயரப் புல்லும் மெஸ்கீட் புதரும் மண்டிக் கிடக்கிற இடத்தில் உட்கார்ந்தோ நின்றோதான் சுட வேண்டும், அதற்குத்தான் ட்ரைபாட் என்கிற முக்காலி. வேட்டைப் பாணியில் ரைஃபிள் சுடுகிற என்.ஆர்.எல். ஹன்டர் மாதிரிப் போட்டிகளிலும் இதே கதைதான்: இலக்கை நீங்களே தேடிப் பிடித்து, தூரம் அளந்து, நேரம் முடிவதற்குள் சுட்டாக வேண்டும், படுக்க இடம் கிடைக்குமா என்பது அங்கே போனால்தான் தெரியும்.

சரி, வாங்கலாம் என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது ரியலி ரைட் ஸ்டஃப் நிறுவனத்தின் ட்ரைபாட். அருமையான பொருள், ஆனால் கால்களுக்கு மட்டுமே ஆயிரம் டாலருக்கு மேல். என் முதல் ரைஃபிளே அந்த விலை இல்லை. மறுபக்கம் பார்த்தால் 60 டாலருக்கு, "18 கிலோ தாங்கும்" என்று அட்டையில் போட்ட கேமரா ட்ரைபாட். நான் முதலில் வாங்கியது அதைத்தான். துப்பாக்கி சுடும் ரேஞ்சில் அரை மணி நேரம் ஆகியிருக்காது, தலைப்பகுதி மெல்ல நழுவி ரைஃபிள் அப்படியே பக்கவாட்டில் சரிந்தது. நல்லவேளை ரைஃபிளுக்குள் தோட்டா இல்லை. ஸ்கோப்பின் ஒரு குமிழ் கருங்கல் ஜல்லியில் உரசிய தழும்பு இன்னும் இருக்கிறது.

எத்தனை கிலோ தாங்கும் என்கிற அந்த எண்ணை மறந்துவிடுங்கள். அதை எப்படி அளப்பது என்று எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி கிடையாது, அசையாத எடையை மேலே வைத்துப் பார்த்துச் சொல்கிறார்கள். நம் பிரச்சினை எடையே இல்லை. ஹன்டர் போட்டியில் கனமான ரைஃபிள்களுக்கான ஓப்பன் ஹெவி பிரிவுக்கே ரைஃபிளின் எடை வரம்பு 16 பவுண்டு, அதாவது ஏழேகால் கிலோ. அதை எந்த ட்ரைபாடும் தாங்கும். முறுக்கினால் நெளிகிறதா, தட்டினால் ஆட்டம் அடங்க எத்தனை நேரம் ஆகிறது, சுட்டதும் பின்னால் உதைக்கிறபோது எங்கே தளர்கிறது, இதைத்தான் பார்க்க வேண்டும். அட்டையில் இது எதுவும் இருக்காது.

முதலில் காலின் தடிமன். ஒரே அளவு சுவர்க்கனம் உள்ள குழாயில் விட்டம் கூடக் கூட விறைப்பு ஏறக்குறைய அதன் மூன்றாம் படியில் ஏறுகிறது, அதனால் 28 மில்லிமீட்டர் காலைவிட 36 மில்லிமீட்டர் கால் இரண்டு மடங்கு விறைப்பு. எட்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், கையில் பிடித்து முறுக்கினால் தெரிந்துவிடும். மேல் குழாய் குறைந்தது 32, முடிந்தால் 36 அல்லது 40. அதோடு, ஒவ்வொரு பகுதியும் கீழே போகப் போக மெலிந்துகொண்டே போகும், நான்கு பகுதிக் காலில் கடைசித் துண்டு விரல் தடிமன்தான் இருக்கும். மூன்று பகுதி போதும். மடக்கினால் கொஞ்சம் நீளமாக இருக்கும், விமானத்தில் கொண்டு போகப்போவதில்லை என்றால் அது ஒரு குறையே இல்லை.

நடுவில் மேலே ஏறி இறங்குகிற தண்டு இருக்கிறதே, அதை உயர்த்தினால் மூன்று கால் ஒற்றைக் கால் ஆகிவிடும். தண்டே இல்லாததாகப் பாருங்கள், இருந்தால் கழற்றிவிட்டு மேல்தட்டை நேரடியாகப் பொருத்த முடிகிறதா என்று பாருங்கள்.

கார்பன் ஃபைபரா அலுமினியமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கார்பன் எடை குறைவு, அதிர்வையும் சீக்கிரம் அடக்கும், வெயிலிலும் குளிரிலும் கையைச் சுடாது, கடிக்காது. ஆனால் காரிலிருந்து இறங்கி இருபது அடி நடந்து சுடுகிறவருக்கு எடை ஒரு வரம், அலுமினியமே நன்றாக நிற்கும். மலையேறி வேட்டையாடுகிறவர்தான் கிராம் கணக்குப் பார்க்க வேண்டும். இன்னொரு வழி சொல்கிறேன், சிரிக்காதீர்கள்: சர்வேயர்கள் நிலம் அளக்க வைக்கிற மர ஸ்டாண்ட். பழையதாக மலிவாகக் கிடைக்கும், பாறை மாதிரி நிற்கும். அதன் திருகு கேமராத் தலைக்குப் பொருந்தாது, அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு அளவு, நமக்கு வேண்டியது எட்டில் மூன்று. நடுவில் ஒரு சின்ன அடாப்டர் போட்டால் ஆயிற்று. தாழ்த்தி உட்கார்ந்து சுட அது சரிப்படாது, நின்று சுடவும் ரேஞ்சில் இலக்கைப் பார்க்கிற ஸ்பாட்டிங் ஸ்கோப் தொலைநோக்கியை வைக்கவும் அதற்கு ஈடு இல்லை.

அப்புறம் தலை, அதாவது கால்களுக்கு மேலே ரைஃபிளைப் பிடித்துத் திருப்புகிற பகுதி. காசு போட வேண்டிய இடம் இதுதான், நிறையப் பேர் இங்கேதான் சிக்கனம் பிடிக்கிறார்கள். நீளக் கைப்பிடி வைத்த கேமராத் தலை வேண்டாம். பந்து மூட்டில் திரும்புகிற சாதாரண பால் ஹெட் ஓரளவு பரவாயில்லை, ஆனால் பந்து பெரிதாக இருக்க வேண்டும், அடியில் சுழல்வதற்கென்று இருக்கும் தனித் திருகுதான் வழக்கமாக ஆட்டத்தின் ஊற்று, அதை இறுக்கியபின் கையால் திருகிப் பாருங்கள். ரைஃபிளுக்குச் சிறந்தது பந்தைத் தலைகீழாக வைத்த, தாழ்வான வகை. ரியலி ரைட் ஸ்டஃபின் ஆன்வில்-30 அந்த வகைதான். அதே யோசனையில் லியோஃபோட்டோ போன்ற நிறுவனங்கள் செய்வது விலை குறைவு. ரைஃபிளின் எடை கால்களுக்கு நெருக்கமாக உட்காரும், ஒரே பிடியைத் தளர்த்தினால் எல்லாப் பக்கமும் திரும்பும். கிண்ண வடிவ மேல்தட்டு உள்ள கால்களுக்கு மட்டம் சரிசெய்கிற வெறும் லெவலிங் பேஸ் போட்டும் சுடலாம், செங்குத்தான சரிவு இல்லாதவரை.

ரைஃபிளைத் தலையோடு இணைக்க அதன் அடியில் பொருத்துவது ஆர்க்கா தண்டவாளம், சுமார் 38 மில்லிமீட்டர் அகலம். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு நிறுவனத்தின் தண்டவாளமும் இன்னொன்றின் தண்டவாளமும் மயிரிழை வித்தியாசப்படும், தலையில் அதைக் கவ்வுகிற நெம்புகோல் பிடி அந்த மயிரிழைக்கே மூடாது, அல்லது மூடியும் லொடலொடக்கும். திருகுப் பிடி எல்லாவற்றையும் பிடிக்கும். மெதுவாக இருக்கும், போகட்டும். வேட்டை ரைஃபிளில் தண்டவாளமே இல்லை என்றால் அவசரப்பட்டு வாங்காதீர்கள், தலைமேல் ஒரு சின்ன மணல்பையைக் கட்டி அதன்மேல் ரைஃபிளை வைத்தும் நன்றாகவே சுடலாம், முதல் ஒரு வருடம் நான் அப்படித்தான் சுட்டேன். ஸ்டாக்கைத் தாடை மாதிரி கவ்வுகிற பிடிகளும் உண்டு. பாக் டெத்கிரிப் அலுமினியம் அந்த வகை, தலையும் சேர்த்தே வரும், வேட்டைக்கு மட்டும் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். கொஞ்சம் மேலே போக முடிந்தால் இன்னோரெல் ஆர்.டி.90சி கால்கள், 40 மில்லிமீட்டர் கார்பன், அந்த விலைக்கு அந்தத் தடிமன் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. அழகாக இருக்காது, கனம் வேறு.

உயரம் பற்றி ஒரே வார்த்தை: நின்று சுடுவதாக இருந்தால் தலையோடு சேர்த்து உங்கள் அக்குளுக்கு மேலே வர வேண்டும், பைனாகுலரையும் அதிலேயே மாட்டி நின்று பார்ப்பதாக இருந்தால் கண் உயரம் வேண்டும். சரிவில் ஒரு காலை நீட்ட வேண்டியிருக்கும், அதற்கும் நாலு அங்குலம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் வீட்டில் சோதிக்க ரைஃபிளை எடுத்து ஜன்னல் வழியே நீட்டாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவார், கூப்பிடுவதும் நியாயம். பைனாகுலரையோ ஸ்பாட்டிங் ஸ்கோப்பையோ மாட்டி, தூரத்தில் ஒரு மரக்கிளையைப் பார்த்தபடி காலை விரலால் தட்டுங்கள். படம் உடனே அடங்கினால் நல்லது, ஊசலாடிக்கொண்டே இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ரேஞ்சில் நான் ஒரு காலை இலக்கை நோக்கியும் மற்ற இரண்டை என் இரு பக்கத்திலும் வைத்து, கோணத்தை ஒரு படி அகலமாக விரித்து, உடம்பை முன்னால் சாய்த்துச் சுடுகிறேன். வேறுவிதமாகச் சொல்பவர்களும் உண்டு, இரண்டையும் செய்து பாருங்கள். 100 கஜத்தில் படுத்துச் சுட்டால் குண்டுகள் எல்லாம் ஒரு அங்குலத்துக்குள் விழுகிற என் 6.5 க்ரீட்மூர் ரைஃபிளில், ட்ரைபாடில் உட்கார்ந்து சுட்டால் அந்தப் பரவல் இரண்டு அங்குலம், நின்றால் மூன்றரை. அதைவிட நன்றாகச் சுடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். ட்ரைபாடில் மாட்டிய ரைஃபிளுக்கு மேல்பக்கம்தான் கனம், எளிதில் கவிழும், தோட்டா போட்டபடி கையை எடுக்கவே கூடாது.

ஊரில் கிளப்பில் சுடுகிற நண்பர்கள் இதைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள், சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி நடக்கும் ரைஃபிள் போட்டிகளில் ட்ரைபாடில் வைத்துச் சுட முடியாது. இங்கே அமெரிக்காவில் ஹெச்1பி மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கும் ஒன்று: துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை சொல்கிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விதிவிலக்கு உண்டு. அதைச் சரிபார்த்த பிறகு ட்ரைபாடைப் பற்றி யோசியுங்கள்.

கடைசியாக, தலையும் காலும் சேர்கிற திருகில் திருகு தளராமல் பிடிக்கிற நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு விடுங்கள், கால்களின் மேல்மூட்டு போல்ட்டுகளை ஹெக்ஸ் சாவியால் இறுக்குங்கள். புதிதாக வந்த எதுவும் சரியாக இறுக்கப்பட்டு வருவதில்லை, இருபது தோட்டா சுட்டதும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.