ஆடும் பவர் ஸ்டீயரிங் புல்லி: சுத்தியலை எடுப்பதற்கு முன்

உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போது, ஒரு வளைவில் இலகுவாகத் திரும்பிய ஸ்டீயரிங் அடுத்த வளைவில் கல்லாகக் கனத்து, கூடவே பெல்ட்டும் கிறீச்சிட்டால், வண்டியை ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். பல ஆண்டுகள் ஓடிய வண்டியென்றால் பவர் ஸ்டீயரிங் பம்பின் புல்லி, அதாவது பெல்ட் சுற்றும் சக்கரம், தள்ளாடிச் சுற்றுவது அங்கே கண்ணில் படலாம். ஆடுவது புல்லி என்பதால் பழுதும் அதில்தான் என்று முடிவு கட்டிவிடுவதே முதல் தவறு.

புல்லி வளைந்திருக்கலாம்; அதன் நடுத்துளை தேய்ந்து ஷாஃப்டின் (பம்பின் சுழல்தண்டின்) மேல் பிடிப்பை இழந்திருக்கலாம்; பம்புக்குள் ஷாஃப்டைத் தாங்கும் புஷ்ஷோ பேரிங்கோ தேய்ந்திருக்கலாம்; பம்பைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட் தளர்ந்து பம்பே மொத்தமாக ஆடிக்கொண்டிருக்கலாம். மேலிருந்து பார்க்கும்போது இந்த நான்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். எனவே எஞ்சினை நிறுத்தி, சூடு தணிந்தபின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, புல்லியை இரு கைகளாலும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஷாஃப்டின் முனை அசையாமல் புல்லி மட்டும் அசைந்தால் துளை தேய்ந்திருக்கிறது. பம்பின் உடல் அசையாமல் இரண்டும் சேர்ந்து அசைந்தால் பம்பின் உட்புறம் தேய்ந்திருக்கிறது. பம்பே சேர்ந்து அசைந்தால் பிராக்கெட்டின் போல்ட் தளர்ந்திருக்கிறது. எதுவும் அசையாமல், கையால் சுற்றும்போது மட்டும் விளிம்பு முன்னும் பின்னும் போய்வந்தால் புல்லி வளைந்திருக்கிறது. பெல்ட்டை ஓட்டும் எஞ்சினின் கிராங்க் புல்லியையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. பல வண்டிகளில் அதன் வெளிவளையம் ரப்பரால் ஒட்டப்பட்டிருக்கும். அந்த ரப்பர் நைந்துபோனால் பெல்ட் முழுவதும் அலையும், பழி பம்பின் மேல் விழும். எஞ்சின் ஓடும்போது எட்ட நின்று பார்க்கலாமே தவிர, தோளில் துண்டோடு குனிந்து கைவைக்கவே கூடாது.

இரண்டாவது தவறுதான் மிகவும் கொடியது. பல பம்புகளில் புல்லிக்கு நட் கிடையாது. ஷாஃப்டின் மேல் இறுக்கமாக அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். அதைச் சுத்தியலால் தட்டி ஏற்றினால், ஒவ்வோர் அடியும் ஷாஃப்ட் வழியாக உள்ளே இறங்கி, பம்புக்குள் சுழலும் ரோட்டரையும் அதைப் பிடித்திருக்கும் மெல்லிய வளையத்தையும் தாக்குகிறது. ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பட்டறையில் என் பழைய வேனின் புல்லியை அப்படித்தான் அடித்து ஏற்றினார்கள். புல்லியின் ஆட்டம் நின்றது. ஆனால் சில வாரங்களிலேயே பம்ப் ஊளையிடத் தொடங்கி, ஆயிலைத் தடுத்து நிறுத்தும் சீல் வழியாக ஆயிலும் கசிந்தது. புல்லியோடு முடிந்திருக்க வேண்டிய செலவு பம்ப் வரை போனது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

கழற்றுவதற்கு, புல்லியின் நடுக்கழுத்தைக் கவ்வி ஷாஃப்டின் முனையை அழுத்தும் புல்லர் வேண்டும். விளிம்பைக் கவ்வி இழுத்தாலோ, இரண்டு ஸ்க்ரூ டிரைவர்களால் நெம்பினாலோ நல்ல புல்லியும் வளைந்துவிடும். ஷாஃப்டின் முனையில் மரையிட்ட துளை இருந்தால், அதில் பொருந்தும் ஏற்றுக் கருவியைத் திருகி மெல்ல அழுத்தி ஏற்ற வேண்டும். மரை பொருந்தாத போல்ட்டை வலிந்து முறுக்கினால் ஷாஃப்டே வீணாகும். கழற்றுவதற்கு முன்பே புல்லி எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சில மில்லிமீட்டர் மாறினாலும் பெல்ட் நேர்கோட்டில் ஓடாது.

துளை தேய்ந்த புல்லிக்குள் தகரத்தைச் சுருட்டிச் செருகுவதும், ஷாஃப்டோடு வெல்டிங் வைப்பதும் கூடாது. முன்னது வெகுநாள் தாங்காது. பின்னதன் சூடு ஆயில் சீலைக் கருக்கிவிடும், பிறகு பம்பைப் பிரிக்கவும் வழியிருக்காது. மதுரையில் தேர்ந்த லேத் பட்டறைகள் உண்டு. புதிய புல்லி எங்கும் கிடைக்காத வண்டிக்கு மட்டும் துளையைக் கடைந்து ஸ்லீவ் (உள்வளையம்) போடச் சொல்லலாம், அதுவும் மையம் விலகாமல் செய்பவரிடம்.

ஆட்டத்தை அடக்கலாமென்று பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் புஷ் இன்னும் விரைவில் தேயும். பம்பை மாற்றியிருந்தால், வண்டிக்குரிய கையேட்டில் சொல்லப்பட்ட ஆயிலையே ஊற்றி, முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை ஓட விடாமலேயே ஸ்டீயரிங்கை இருபுறமும் பலமுறை திருப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். எஞ்சினை ஓட விட்டபிறகு ஸ்டீயரிங்கைக் கடைசி முனையில் 5 வினாடிக்கு மேல் பிடித்து வைக்க வேண்டாம். 100 கிலோமீட்டர் ஓட்டியபின் பிராக்கெட் போல்ட்டுகளையும் பெல்ட்டின் இறுக்கத்தையும் மீண்டும் ஒரு முறை சரிபாருங்கள்.