என்பிஏ ஆட்டத்தை அரங்கில் போய்ப் பார்ப்பது எப்படி: முதல்முறை போகும் ரசிகருக்கு

டிவியில் கூடைப்பந்து பார்க்கும்போது கேமரா பந்தின் பின்னாலேயே போகும். ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டு வருவார், எறிவார், விழும் அல்லது விழாது. அதே அணியின் மற்ற நான்கு பேர் அந்த நேரத்தில் என்ன செய்தார்கள் என்று நமக்குத் தெரியவே தெரியாது. அரங்கில் உட்கார்ந்த முதல் நாள் எனக்குக் கிடைத்த பெரிய பரிசு அந்த நான்கு பேர்தான். பல வருடமாகப் பார்த்து வந்த ஆட்டத்தில் பாதியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இன்னொன்றும் அன்று புரிந்தது. அரங்கில் ரசிகருக்கு ஒரு வேலை இருக்கிறது, அதை எப்போது செய்வது, எப்போது செய்யாமல் இருப்பது என்ற கணக்கும் இருக்கிறது. இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் கீழே உள்ளவற்றை எழுதியிருக்கிறேன்.

படி 1: ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

அமெரிக்கா, கனடா அணிகள் ஆடும் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் 30 அணிகள். வழக்கமான சீசனில் ஒவ்வோர் அணிக்கும் 82 ஆட்டங்கள், அதில் பாதி சொந்த ஊரில். அக்டோபர் கடைசியில் தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதி வரை நடக்கும். வாய்ப்பு நிறைய இருப்பதால் முதல் ஆட்டத்துக்கே பெரிய மோதலைத் தேடிப் போக வேண்டாம். வார நாளில், எதிரணியில் பெரிய பெயர் இல்லாத ஆட்டம் என்றால் டிக்கெட் விலை இறங்கும். ஆடுகிறவர்கள் உலகத்திலேயே சிறந்த வீரர்கள்தான், அதில் குறை எதுவும் வராது.

ஒரு குறிப்பிட்ட வீரரைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அட்டவணையைக் கொஞ்சம் கவனியுங்கள். அணி அடுத்தடுத்த இரண்டு நாட்கள் ஆடினால் இரண்டாம் நாளில் மூத்த வீரர்களுக்கு ஓய்வு கொடுப்பதுண்டு. காயம்பட்டவர்கள், ஆடாதவர்கள் பட்டியலை ஒவ்வோர் அணியும் ஆட்டத்துக்கு முன்பே வெளியிட்டாக வேண்டும். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் போய், நான் தேடிப் போன வீரர் கோட்டு சூட்டில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை இரண்டரை மணி நேரம் பார்த்துவிட்டு வந்தேன்.

படி 2: எங்கே உட்காருவது

இதில்தான் முதல்முறை போகிறவர்கள் தடுமாறுவார்கள். மைதானத்தை ஒட்டிய முதல் வரிசை எல்லோருக்கும் கனவு. விலையும் கனவில்தான் கட்டுப்படியாகும். ஆனால் அங்கே உட்கார்ந்தால் ஆட்டத்தின் வேகமும் வீரர்களின் உருவமும் தெரியுமே தவிர, ஆட்டத்தின் அமைப்பு தெரியாது. கண்மட்டத்தில் பத்துப் பேர் குறுக்கும் நெடுக்கும் ஓடினால் யார் யாருக்காக ஓடுகிறார்கள் என்று எப்படிப் பிடிப்பது?

என் பரிந்துரை மேல்தளம், நடுக்கோட்டுக்கு நேர் மேலே, அந்தத் தளத்தின் முதல் சில வரிசைகள். 94 அடி நீளம், 50 அடி அகலம் உள்ள மைதானம் முழுவதும் கோலம் போட்ட வாசல் மாதிரி கீழே விரிந்து கிடக்கும். ஒரு பக்கம் மூன்று பேர் நெருங்கி நிற்பதும், மறுபக்கம் ஒருவர் தனியே காத்திருப்பதும், பந்து அங்கே போகப்போகிறது என்பதும் அது போவதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது முறை போகும்போது கூடைக்குப் பின்னால் உட்காருங்கள். தூரம் சரியாகப் பிடிபடாது, எறிந்த பந்து வருகிறதா போகிறதா என்றுகூடக் குழப்பும். ஆனால் தீவிர ரசிகருக்கு வேலை இருக்கும் இடம் அதுதான், காரணத்தைக் கீழே சொல்கிறேன். லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணி 2024-இல் திறந்த இன்ட்யூட் டோம் அரங்கில், ஒரு கூடைக்குப் பின்னால் இடைவெளியே இல்லாமல் 51 வரிசைகளை ஒரே சுவராக எழுப்பியிருக்கிறார்கள். பெயரே 'சுவர்' என்றுதான். அந்தப் பகுதியில் எதிரணி ஜெர்சிக்கு இடமில்லை.

படி 3: கிளம்பும் முன்

டிக்கெட் போனில்தான் இருக்கும், அதனால் முழு சார்ஜ் முக்கியம். பை கொண்டுபோகும் விதி அரங்கத்துக்கு அரங்கம் மாறும், கையோடு பை இல்லாமல் போவதே நல்லது. ஒருமுறை வெளியே வந்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். அணியின் ஜெர்சி இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் அந்த நிறத்தில் ஒரு சட்டை போதும்.

படி 4: சீக்கிரம் போங்கள்

கதவு திறக்கும் நேரத்துக்கே உள்ளே இருங்கள். பெரும்பாலும் ஆட்டத்துக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பு திறப்பார்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

காலியான அரங்கில் சத்தம் வேறு மாதிரி இருக்கும். ஷூ தரையில் தேய்கிற கிரீச் சத்தம், பந்து பலகையில் விழும் கனமான ஓசை, வலையை மட்டும் தொட்டுக்கொண்டு இறங்கும்போது வரும் அந்தச் சின்ன 'ஸ்விஷ்'. கூட்டம் நிறைந்த பிறகு இவை எதுவும் கேட்காது. கீழே ஒரு வீரர் மட்டும் மூலையில் நின்றுகொண்டு, ஒரே இடத்திலிருந்து ஒரே எறிதலைத் திரும்பத் திரும்ப எறிவார். பயிற்சியாளர் பந்தை எடுத்துப் போட்டுக்கொண்டே இருப்பார். ஒன்று தவறினால் முகத்தில் எந்த மாற்றமும் இருக்காது, அடுத்த பந்துக்குக் கை தானாக நீளும். டிவியில் அரை நொடியில் வந்துபோகும், தூரத்து வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதலுக்குப் பின்னால் இருப்பது இதுதான். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் நட்சத்திரம் ஸ்டெஃபன் கரி இரண்டு கைகளிலும் இரண்டு பந்துகளைத் தட்டும் பயிற்சியையும், முடிவில் வீரர்கள் வரும் நடைபாதை வாயிலிலிருந்து எறியும் எறிதலையும் பார்ப்பதற்காகவே அந்த அணி 2019 வரை ஆடிய ஓக்லாந்தில் ரசிகர்கள் முன்கூட்டியே வந்து காத்திருந்தார்கள்.

அப்புறம் தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். வென்ற கோப்பைகளின் கொடிகளும், ஓய்வுபெற்ற ஜெர்சி எண்களும் அங்கே தொங்கும். பாஸ்டனில் 18 கோப்பைக் கொடிகள். பாஸ்டனின் பழைய நட்சத்திரம் பில் ரஸலின் 6-ஆம் எண்ணுக்கு 2022-இல் எல்லா அணிகளும் சேர்ந்தே ஓய்வு கொடுத்தன, இனி அதைப் புதிதாக யாருக்கும் தர மாட்டார்கள்.

படி 5: முதல் கால்பகுதியில் பந்தைப் பார்க்காதீர்கள்

கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் செய்து பாருங்கள். என்பிஏ-வில் 12 நிமிடம் கொண்ட நான்கு கால்பகுதிகள். முதல் 12 நிமிடத்துக்கு ஒரே ஒரு வீரரைத் தேர்ந்தெடுத்து, அவர் கையில் பந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவரை மட்டுமே பாருங்கள்.

கரியையே எடுத்துக்கொள்வோம். பந்தைச் சக வீரரிடம் கொடுத்த அடுத்த கணம் அவருடைய உண்மையான வேலை தொடங்கும். கூடைக்குக் கீழே ஓடுவார், நெட்டையான சக வீரர் ஒருவர் தூண் மாதிரி நிற்பார், அவருடைய தோளை உரசிக்கொண்டு திரும்புவார். துரத்தி வருகிறவர் அந்தத் தூணில் மோதி ஒரு எட்டு பின்தங்குவார். அந்த ஓர் எட்டு போதும். எதிரணியின் இன்னொரு தடுப்பாளர் பதறிப்போய் இவரை மறிக்க வருவார், அவர் விட்டுவிட்டு வந்த ஆள் கூடைக்கடியில் தனியாக நிற்பார், பந்து அவருக்குப் போகும், இரண்டு புள்ளி. ஸ்கோர் கணக்கில் கரியின் பெயரே வராது. டிவியில் 'சுலபமான பாஸ்' என்று தெரிவதை மேல்தளத்தில் இருந்து பார்த்தால் அது யார் போட்ட வழி என்று தெரியும்.

முதல் கால்பகுதி முடிந்த பிறகு உங்கள் இஷ்டம் போலப் பாருங்கள். கண் தானாகவே பந்தை விட்டு விலகத் தொடங்கியிருக்கும்.

படி 6: ஸ்கோர் பலகையை வாசியுங்கள்

ஸ்கோர் தவிர மூன்று எண்களைக் கவனித்தால் போதும். முதலாவது 24 நொடிக் கடிகாரம். அதற்குள் பந்தை எறிந்து வளையத்தில் பட வைக்க வேண்டும். 1950-இல் ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸ் அணி பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரம் கடத்தி, மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19-18 என்று வென்றது. அதே மாதிரி ஆட்டம் தொடர்ந்தால் பார்க்க யாரும் வர மாட்டார்கள் என்ற நிலையில் 1954-இல் இந்தக் கடிகாரம் வந்தது. இரண்டாவது, அணியின் ஃபவுல், அதாவது விதிமீறல் எண்ணிக்கை. ஒரு கால்பகுதியில் ஐந்தாவது ஃபவுலில் இருந்து எதிரணிக்கு ஃபிரீ த்ரோ, அதாவது யாரும் மறிக்காமல் கூடையை நோக்கி எறியும் வாய்ப்பு. மூன்றாவது, தனி வீரரின் ஃபவுல். ஆறு ஆனால் அவர் வெளியே. முக்கிய வீரர் இரண்டாம் கால்பகுதியிலேயே மூன்று வாங்கிவிட்டால் கோச் அவரை உட்கார வைப்பார், ஆட்டத்தின் போக்கே மாறும்.

படி 7: எப்போது கத்துவது

எதிரணி கையில் பந்து இருக்கும்போது 'டி-ஃபென்ஸ்' (தடுப்பாட்டம்) என்று கத்துங்கள். நம் அணி கையில் பந்து வந்ததும் குரலை இறக்குங்கள். அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேச வேண்டும், கோச் சொல்வது காதில் விழ வேண்டும். நம் வீரர் ஃபிரீ த்ரோ எறியும்போது அமைதி. எதிரணி வீரர் எறிந்தால் கூடைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொருவரும் எழுந்து கையை ஆட்ட வேண்டும், துண்டைச் சுழற்ற வேண்டும். அவர் கண்ணுக்கு நேரே தெரிவது வளையமும் நீங்களும்தான். ஃபிரீ த்ரோ எறிய 10 நொடிதான் அவகாசம். 2021-இல் வழக்கமான சீசனுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளில், மில்வாக்கி அணியின் யானிஸ் அன்டெட்டோகூன்போ நிதானமாகத் தயாராகும்போதெல்லாம் எதிரணி ஊர்களில் அரங்கமே ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணியது.

ஒவ்வோர் ஊருக்கும் தனிப் பழக்கம் உண்டு, அக்கம்பக்கத்தைப் பார்த்துப் பின்பற்றுங்கள். ஓக்லஹோமா சிட்டியில் தங்கள் அணி முதல் கூடை போடும் வரை யாரும் உட்கார மாட்டார்கள். டொராண்டோவில் நவ் பாட்டியா என்ற தலைப்பாகைக்காரர் 1995-இல் ராப்டர்ஸ் அணி தொடங்கிய முதல் சீசனில் இருந்தே வருகிறார். 2019-இல் அணி கோப்பை வென்றபோது வீரர்களுக்குக் கொடுப்பது போல அவருக்கும் மோதிரம் கொடுத்தார்கள். 2021-இல் கூடைப்பந்துப் புகழரங்கமும் அவரைக் கௌரவித்தது. ஒரு ரசிகரின் குரலுக்கு இந்த ஆட்டம் எவ்வளவு மதிப்பு வைத்திருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இவரைத்தான்.

எல்லை ஒன்று உண்டு. வீரரின் குடும்பம், நிறம், இனம் பற்றி ஒரு சொல்கூட வரக்கூடாது. மைதானத்துக்குள் எதையும் எறியக்கூடாது. 2004 நவம்பரில் டெட்ராய்ட் அருகே ஒருவர் எறிந்த ஒரு கோப்பை பானம் வீரர்களையும் ரசிகர்களையும் அடிதடியில் இறக்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் ரசிகர் நடத்தை விதிகளை என்பிஏ எழுதியது. பந்து உங்கள் மடியில் வந்து விழுந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

படி 8: கடைசி விசில் வரை உட்காருங்கள்

ஐந்து புள்ளி பின்தங்கியிருக்கிறோம், அரை நிமிடம்தான் பாக்கி, வெளியே நெரிசல் வரும் முன் கிளம்பலாம் என்று தோன்றும். 2013 ஜூன் 18 அன்று மயாமியில் இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் அதையே நினைத்துப் பலர் கிளம்பினார்கள். எதிரணியான சான் அன்டோனியோவுக்குக் கோப்பை கொடுப்பதற்காக மைதானத்தைச் சுற்றி மஞ்சள் கயிறுகூட வந்துவிட்டது. வித்தியாசம் மூன்று புள்ளியாகக் குறைந்திருந்தது. 5.2 நொடி இருக்கும்போது மயாமியின் ரே ஆலன் வலது மூலைக்குப் பின்னோக்கியே நடந்து, காலை மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே வைத்து, எறிந்தார். ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் மயாமி 103-100 என்று வென்றது. கிளம்பியவர்கள் திரும்பி வந்து கதவைத் தட்டினார்கள், உள்ளே விடவில்லை.

விசில் அடித்த பிறகும் ஒரு பத்து நிமிடம் இருங்கள். நடைபாதையில் கூட்டம் குறையும். பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் அதே அரங்கில்தான் ஐஸ் ஹாக்கியும் நடக்கும். அடுத்து ஹாக்கி ஆட்டம் இருந்தால், இருக்கைகள் காலியானதும் பணியாளர்கள் வந்து மரத்தரையைப் பலகை பலகையாகக் கழற்றி வண்டியில் அடுக்கத் தொடங்குவார்கள். சற்று முன் அவ்வளவு சத்தம் எழுந்த இடத்தில், அடியில் இருக்கும் பனித்தரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தெரியும்.