அப்டேட்டைத் தள்ளிப் போடுங்கள், பூட்டிவிடாதீர்கள்

போன மாதம் ஒரு நாள் மதியம், கடையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு லேப்டாப்பை மூடி என்னிடம் நீட்டினான். "அண்ணே, இனிமே இதுல அப்டேட்டே வராது. நிரந்தரமா நிறுத்திட்டேன்" என்றான். வாடிக்கையாளருக்கும் ஏக சந்தோஷம். ரீஸ்டார்ட் செய்யச் சொல்லித் திரையில் வந்துகொண்டே இருந்த அறிவிப்பு அவருடைய மகளின் ஆன்லைன் வகுப்பைக் கெடுக்கிறது என்றுதான் அவர் வந்திருந்தார். எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தைகளை இதே பெருமையோடு நானும் சொல்லியிருக்கிறேன்.

அதனால்தான் விண்டோஸ் அப்டேட் பற்றி இதை எழுதுகிறேன். அப்டேட் ஓடும்போது வயரைப் பிடுங்காதீர்கள் என்பது போன்ற, எல்லாருக்கும் தெரிந்த விஷயங்களுக்குள் போகவில்லை. தெரிந்தவர்களே செய்கிற தவறுகள் சில இருக்கின்றன.

ஒரு அப்டேட் பிடிக்கவில்லை என்று மொத்தத்தையும் அடைப்பது

விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலை 29. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருஷம் வரை இலவசமாக மாறிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். அந்த அழைப்பைக் காட்டுவதற்கென்றே கேபி 3035583 என்ற எண்ணில் ஒரு அப்டேட் வந்தது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை ஜன்னல் படம் வந்து உட்கார்ந்துகொள்ளும். "இதை எடுத்து விடுப்பா" என்று தினமும் யாராவது கூப்பிடுவார்கள்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். அந்த ஒரு எண்ணை மட்டும் அன்இன்ஸ்டால் செய்ய வேண்டும். அப்புறம் பட்டியலில் அதன் மேல் வலது கிளிக் செய்து மறைத்துவிட வேண்டும். ஆனால் அது திரும்பத் திரும்பப் புதுப்பித்து வெளியிடப்பட்டது. மறைத்தாலும் வரும், வாடிக்கையாளரும் மறுபடி கூப்பிடுவார். அதனால் நான் சுலபமான வழிக்குப் போனேன். விண்டோஸ் 7-இல் "அப்டேட்டைத் தேடவே வேண்டாம்" என்று ஒரு தேர்வு இருந்தது. என் கைக்கு வந்த மெஷின்களில் எல்லாம் அதைப் போட்டுவிட்டேன். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

அப்படிப் போட்ட மெஷின்களில் இரண்டு, எங்கள் தெருவில் இருந்த ஒரு போட்டோ ஸ்டுடியோவினுடையவை. ஸ்டுடியோ அண்ணன் இரண்டுக்கும் நடுவில் படங்களை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார். ஷேரிங் சரியாக வரவில்லை என்று, வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலையும் நானே நிறுத்தினேன். மோடம் பிரிட்ஜ் மோடில் இருந்தது, கணினியிலிருந்தே டயல் செய்வார்கள். அதாவது இன்டர்நெட்டுக்கும் அந்த மெஷினுக்கும் நடுவில் எதுவுமே இல்லை. அன்று எனக்கு இது உறைக்கவில்லை.

விண்டோஸில் ஃபைல் ஷேரிங் வேலை செய்யும் பகுதியில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது தெரிந்து, அதை அடைக்கும் அப்டேட்டை 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. எம்எஸ்17-010 என்று பெயர். சரியாக இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மே 12 வெள்ளிக்கிழமை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னக்ரை வைரஸ் பரவியது. 150 நாடுகளுக்கு மேல் போனது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இந்த வைரஸுக்கு யாரும் மெயிலைத் திறக்க வேண்டாம், எதையும் கிளிக் செய்ய வேண்டாம். ஷேரிங்குக்கான 445-ஆம் போர்ட் என்ற வாசல் திறந்திருந்து அந்த மார்ச் அப்டேட் இல்லாமல் இருந்தால் போதும், தானே உள்ளே வந்துவிடும். வந்த பிறகு அதே நெட்வொர்க்கில் பக்கத்து மெஷினையும் தேடிப் போகும்.

அன்று சாயங்காலமே ஸ்டுடியோவிலிருந்து போன். போய்ப் பார்த்தால் திரை முழுக்க சிவப்பு ஜன்னல். 300 டாலர் மதிப்புக்கு பிட்காயின் கட்ட வேண்டும், மூன்று நாளில் அது இரட்டிப்பாகும், ஏழு நாள் தாண்டினால் கோப்புகள் போய்விடும் என்று இரண்டு கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு மெஷினிலும் ஒரு படம்கூடத் திறக்கவில்லை. பேக்கப்புக்கென்று வாங்கிய ஹார்ட் டிஸ்க் எப்போதும் செருகியே இருந்ததால் அதுவும் போயிற்று. ஏழு வருஷக் கல்யாண ஆல்பங்கள்.

அண்ணன் பணம் கட்டவில்லை. வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த டிவிடிகளை வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி, முடிந்ததை மறுபடி காப்பி செய்தார். இரண்டு மாதம் ஆனது. பாதிதான் தேறியது. அந்த வருஷக் கடைசியில் ஒரு குடும்பம் வந்து, இறந்துபோன அப்பாவின் படத்தை மகளின் கல்யாண ஆல்பத்திலிருந்து பெரிதாக்கித் தரச் சொன்னார்கள். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அப்டேட்டை நிறுத்தியது யார் என்று அண்ணன் ஒரு முறைகூட என்னிடம் கேட்கவில்லை. இன்றும் அந்தத் தெரு வழியாகப் போகும்போது அது என் நினைவில் வரும்.

இப்போது இதே தவறு வேறு உருவத்தில் நடக்கிறது. விண்டோஸ் 10, 11-இல் அப்டேட் சர்வீஸை டிஸேபிள் செய்தால் அதைத் திரும்ப எழுப்பிவிட மெடிக் சர்வீஸ் என்று இன்னொன்று இருக்கிறது. அதனால் பிளாக்கர் என்ற பெயரில் கிடைக்கும் இலவச மென்பொருள்களில் சில, அந்த சர்வீஸ்களின் அனுமதிகளையே கழற்றிவிடுகின்றன. இதன் விளைவு அப்டேட்டோடு நிற்காது. விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் தன் வைரஸ் பட்டியலை வழக்கமாக இதே வழியாகத்தான் வாங்குகிறது, அது பழசாகிவிடும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் எதை இறக்கினாலும் பிழை காட்டும். வருஷம் கழித்து வேறொரு கடைக்காரர் காரணம் புரியாமல் ஃபார்மேட் செய்வார்.

எனக்குக் கோபம் வருவது இதில்தான்: உரிமையாளரிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. "இனி தொல்லை இருக்காது" என்பது மட்டும்தான் அவர் காதில் விழுகிறது. தன் மெஷினுக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுவிட்டது என்று அவருக்குத் தெரியாது. சொல்லாமல் செய்யாதீர்கள். சொல்லிவிட்டும் செய்யாதீர்கள்.

சரி, தொல்லையைக் குறைக்க என்ன செய்வது? செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே, அப்டேட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் பாஸ் (Pause) இருக்கிறது, ஒரு வாரம் முதல் ஐந்து வாரம் வரை. மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்க நேரப்படி காலையில் வரும். நமக்கு அது செவ்வாய் இரவு, ஆகவே புதன் காலையில்தான் மெஷின்கள் அதை இழுக்கத் தொடங்கும். வீட்டு உபயோகத்துக்கு நான் சொல்வது: அந்தச் செவ்வாயன்று ஒரு வாரம் பாஸ் போடுங்கள், அடுத்த வாரம் ஒரு ஞாயிறு மதியம் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஏதாவது கோளாறு இருந்தால் பெரும்பாலும் அதற்குள் வெளியே தெரிந்துவிடும். 2018 அக்டோபர் 2 அன்று வந்த பெரிய அப்டேட், சிலருடைய கோப்புகளை அழித்துவிடுகிறது என்று தெரிந்ததும் நான்கே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டு, நவம்பர் 13 அன்றுதான் மறுபடி வெளியானது. ஒரு வாரம் பொறுத்தவர்கள் தப்பித்தார்கள்.

அப்புறம் ஆக்டிவ் ஹவர்ஸ். தானாக ரீஸ்டார்ட் ஆகக் கூடாத நேரத்தை அதிகபட்சம் 18 மணி நேரம் வரை குறித்து வைக்கலாம். காலை 6 முதல் இரவு 12 வரை என்று போட்டால் வகுப்பு, தேர்வு எல்லாம் அதற்குள் அடங்கும். "கிடைத்த உடனே புதிய அப்டேட்டுகளைக் கொடு" என்ற பொத்தான் அதே பக்கத்தில் இருக்கும், அதை அணைத்தே வையுங்கள். மாதக் கடைசியில் விருப்பத் தேர்வாக வரும் பிரிவ்யூ அப்டேட்டையும் தொட வேண்டாம், அதே திருத்தங்கள் அடுத்த மாத அப்டேட்டில் எப்படியும் வந்துவிடும்.

ஹாட்ஸ்பாட்டை அப்படியே விடுவது

தினம் 1.5 ஜிபி டேட்டாவில் போனிலிருந்து லேப்டாப்புக்கு நெட் கொடுப்பவர்கள் நிறையப் பேர். காலை பத்து மணிக்கே டேட்டா தீர்ந்துவிட்டது என்று வருவார்கள். அந்த வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸில் மீட்டர்டு கனெக்‌ஷன் என்பதை ஆன் செய்தால் பெரும்பாலான அப்டேட்டுகள் இறங்காமல் காத்திருக்கும். இந்த அமைப்பு ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனி. போனை மாற்றினால் மறுபடி போட வேண்டும். வீட்டில் ஃபைபர் வந்த பிறகும் எல்லாவற்றையும் மீட்டர்டு என்றே வைத்திருந்தால் மேலே சொன்ன தவறுக்கே திரும்பி வருகிறீர்கள்.

அப்டேட்டைக் கணினிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் டெலிவரி ஆப்டிமைசேஷனையும் பாருங்கள். அதில் இன்டர்நெட்டில் உள்ள மற்ற கணினிகளும் என்று தேர்வாகியிருந்தால் உங்கள் டேட்டாவிலிருந்து அவர்களுக்கும் அப்டேட் போகும்.

ரெக்கவரி கீ எங்கே என்று தெரியாமல் பயாஸ் அப்டேட்

விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் டிரைவ் தானாகவே பூட்டப்படுகிறது. வழக்கமாக இது கண்ணில் படாது. கணினியைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட்டுக்குப் பிறகு சில மெஷின்கள் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும்போதுதான் இப்படி ஒன்று இருப்பதே தெரியவரும். அந்தக் கீ இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை நானும் எடுத்துத் தர முடியாது, வேறு எந்தக் கடையிலும் முடியாது.

ஒரு அக்கா கொண்டுவந்தார். லேப்டாப் விற்றவர்களே ஒரு மெயில் முகவரி உருவாக்கிக் கணக்குத் திறந்து கொடுத்திருக்கிறார்கள். அதன் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை. கீ அந்தக் கணக்குக்குள் பத்திரமாக இருக்கிறது, கணக்குக்குள் போகத்தான் வழியில்லை. பையன் பிறந்ததிலிருந்து எடுத்த வீடியோக்கள் அதில் இருந்தன. இன்றைக்கே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த 48 எண்களை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள்.

ஹோம் எடிஷனில் குரூப் பாலிசி தேடுவது

கணினியின் அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் அந்தக் குரூப் பாலிசி எடிட்டர் ஹோம் எடிஷனில் இல்லை. கொண்டுவருகிறேன் என்று சொல்லும் ஸ்கிரிப்ட்டுகளை ஓட்டாதீர்கள்.

பிரிண்டர் கெட்டால் எல்லா அப்டேட்டையும் பழிப்பது

பெரும்பாலும் ஒரு டிரைவர்தான், அதாவது பிரிண்டரை விண்டோஸோடு இணைத்து வேலை செய்ய வைக்கும் சின்ன மென்பொருள்தான் காரணம். டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் டிரைவர் என்று இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். அது மங்கலாக இருந்தால், அப்டேட் ஹிஸ்டரியில் கடைசியாக வந்ததை மட்டும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். மெஷினே ஏறவில்லை என்றால் ரெக்கவரி திரையிலும் அதே வசதி உண்டு: அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ், அதில் குவாலிட்டி அப்டேட்.

விண்டோஸ் 10-இல் இனி அப்டேட் வராது என்று நிம்மதியடைவது

2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்தது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிந்துகொள்ளாமல் அதே மெஷினில் வங்கி வேலை பார்க்காதீர்கள்.

இடம் போதவில்லை என்று விண்டோஸ்.ஓல்டை அழிப்பது

பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பிறகு பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம். பழைய விண்டோஸ் இருக்கும் அந்த ஃபோல்டர் போனால் அவகாசமும் போயிற்று. பத்து நாளும் மெஷினை வழக்கம்போல ஓட்டி, பிரிண்டர், ஸ்கேனர், டேலி எல்லாம் ஒரு முறை சோதித்த பிறகு அழித்துக்கொள்ளுங்கள்.